கருமணலில் எந்தக் கொயில்? திருகோணமலைக் கரைக்கும் காணிக்கும் மெட்டல் டிடெக்டர் கேள்வி பதில்கள்

நிலாவெளியின் வெள்ளை மணலில் அமைதியாக வேலை செய்த டிடெக்டரை வடக்கே கருமணல் வரி ஓடும் கரைக்குக் கொண்டுபோனால் அடிக்கு ஒரு தரம் கத்தும். அதே கருவி கந்தளாய்ப் பக்கத்துச் செம்மண் காணியில், ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் வால்வு மூடிக்கு வாயே திறக்காது. பெரும்பாலும் கருவியில் பழுது இருப்பதில்லை. தண்டின் நுனியில் இருக்கிற தட்டு, அதாவது கொயில், அந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. கரையில் தொலைந்த மோதிரம் தேடுகிறவர்களும், சொந்தக் காணியில் புதைந்த குழாய் மூடி, எல்லைக் கம்பி தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

மண்ணுக்கும் கொயிலுக்கும் என்ன சம்பந்தம்?

பெரும்பாலான கொயில்களுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. ஒன்று காந்தப்புலத்தை அனுப்பும், மற்றது திரும்பி வருவதைக் கேட்கும். மோதிரம் எங்கோ ஓரிடத்தில் கிடக்கிறது. மண்ணோ தட்டுக்குக் கீழே முழுவதும் கிடக்கிறது. அதனால் மண் தரும் சத்தம் மோதிரம் தரும் சத்தத்தைவிடப் பல மடங்கு பெரிது. கருவியின் வேலையில் பாதி, அந்த மண் சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பதுதான்.

மண் இரண்டு விதமாகக் குழப்பும். மக்னடைட் போன்ற இரும்புக் கனிமம் காந்தத் தன்மையால் குழப்பும். உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதால் குழப்பும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. திருகோணமலைக் கரையில் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வரும், தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மணல் கறுப்பென்றால் கனிமம் அதிகம் என்றுதானே அர்த்தம்?

நிறத்தை நம்பவேண்டாம். புல்மோட்டைக் கனிய மணலில் கறுப்பாகத் தெரிவதில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கனிமம். அது கறுப்புத்தான், ஆனால் அதன் காந்தத் தன்மை மிகவும் சிறியது. மக்னடைட்டோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் வரும். கூடவே கிடக்கும் ரூட்டைலும் சேர்க்கனும் டிடெக்டருக்கு ஏறத்தாழ வெறும் மணல் மாதிரி. அந்தக் கறுப்புக்குள் மக்னடைட் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கரிபோலக் கறுத்த மணல் ஓரளவு அமைதியாக இருப்பதும், சாம்பல் நிற மணல் பைத்தியமாக அடிப்பதும் இதனால்தான்.

அப்போ எப்படி அளப்பது?

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்புக் காந்தம் ஒன்று போதும். கடையில் விற்கும் வெள்ளி நிற நியோடிமியம் காந்தம் வேண்டாம். அது இல்மனைட்டையும் கார்னெட்டையும்கூட இழுத்து உங்களை ஏமாற்றும். புல்மோட்டைத் தொழிற்சாலையில் இல்மனைட்டைப் பிரிப்பதே பலமான காந்தம்தான்.

தேடப்போகும் இடத்தில் மேல்மணலில் ஒரு கிலோ, ஒரு முழ ஆழத்தில் ஒரு கிலோ என்று இரண்டு பை எடுங்கள். வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈர மணல் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மணலை ஒரு தாம்பாளத்தில் பரப்பி, மெதுவாகக் கிளறுங்கள். பையில் தாடிபோல ஒட்டியதை வேறு தாளுக்கு மேல் கொண்டுபோய், காந்தத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்தால் தூள் கொட்டிவிடும். புதிதாக ஒன்றும் ஒட்டாத வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு கொட்டியதை மட்டும் இன்னொரு தரம் காந்தத்தால் எடுங்கள், இடையில் சிக்கிய வெள்ளை மணல் விலகும்.

நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோவில் கால் கிராமுக்குக் கீழே வந்தால் எந்தக் கொயிலும் சரி. இரண்டு கிராம் வரை நடுத்தரம், டி.டி. கொயில் நல்லது (கொயில் வகைகள் கீழே). அதற்கு மேலே போனால் கடுமை. பத்துக் கிராமைத் தாண்டினால், அதாவது ஒரு தேக்கரண்டி நிறையத் தூள் சேர்ந்தால், சாதாரண ஒற்றை அதிர்வெண் கருவியில் ஆழம் என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

இரண்டு பைகளுக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். கனமான மணல் அடுக்கடுக்காகப் படியும். மேலே சுத்தமாக இருந்து கீழே கருவரி ஓடினால், கிரவுண்ட் பலன்ஸ், அதாவது மண் சத்தத்தைக் கழிக்கக் கருவியில் செய்யும் சரிப்படுத்தல், மேல்மணலுக்குச் சரியாக இருக்கும், தோண்டிய குழிக்குள் கொயிலை இறக்கியதும் கத்தத் தொடங்கும். அந்தச் சத்தத்தை மோதிரம் என்று நம்பி இடுப்பளவு தோண்டியவர்கள் பலர்.

திரையில் வரும் கிரவுண்ட் பலன்ஸ் எண் இதையே சொல்லாதா?

பாதி சொல்லும். அந்த எண் மண்ணின் வகையைக் காட்டும், அளவைக் காட்டாது. பிஷர் எப்.75, டெக்னெட்டிக்ஸ் டி.2 வகைக் கருவிகளில் 0 முதல் 10 வரை உப்பு ஈரம், 40 முதல் 75 வரை சிவப்பு, மஞ்சள், கபில நிற இரும்புக் களி, 75 முதல் 95 வரை மக்னடைட் போன்ற கருங்கனிமம் என்று கொள்ளலாம். மற்றக் கம்பனிகளின் அளவுகோல் வேறு, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது. எப்.75 இல் கனிமத்தின் அளவுக்கென்று தனிப் பட்டை உண்டு. அது இல்லாத கருவிக்குக் காந்தமும் தராசும்தான் கதி.

கிரவுண்ட் பலன்ஸ் செய்யும்போது முதலில் உலோகம் இல்லாத ஓர் இடத்தைப் பிடியுங்கள். எல்லா உலோகமும் கேட்கும் நிலையில் கொயிலை இரண்டு மூன்று முறை வீசிப் பார்த்தால் தெரியும். பிறகு நிலத்துக்கு 2 செ.மீ. மேலிருந்து 15 செ.மீ. வரை உரல் குத்துவதுபோல மேலும் கீழும் அசையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆனதும் நிறுத்தலாம். கரை நெடுக நடக்கும்போது கருமணல் வரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்யவேண்டும். கரெட் ஏஸ் வகைபோலக் கிரவுண்ட் பலன்ஸ் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்ட கருவியில் உங்களால் மாற்றக்கூடியவை சென்சிட்டிவிட்டியும் (கருவி கேட்கும் கூர்மை) கொயிலும் மட்டும்தான்.

கொன்சென்ட்ரிக், டி.டி., மொனோ. எது எதற்கு?

கொன்சென்ட்ரிக் கொயிலில் வெளியே பெரிய வளையம், உள்ளே சிறிய வளையம். புலம் கூம்புபோல இறங்கும். சுத்தமான மண்ணில் இடத்தைத் துல்லியமாகக் காட்டும், எந்த உலோகம் என்று திரையில் காட்டும் எண்ணும் சரியாக வரும். ஆனால் அந்தக் கூம்புக்குள் அடங்கும் மண் முழுவதையும் அது கேட்கும், கனிம மண்ணில் முதலில் தோற்பதும் அதுவே.

டி.டி. கொயிலில் இரண்டு டி எழுத்துகள் முதுகோடு முதுகு சாய்ந்து, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கேட்கும் பகுதி நுனியிலிருந்து குதி வரை ஓடும் ஒரு குறுகிய கத்தி வடிவம். ஒரே நேரத்தில் அதற்குக் கீழே வரும் மண் குறைவு, அதனால் மண் சத்தமும் குறைவு. எங்கள் கரைகளுக்கு முதல் தெரிவு இதுதான். குறை என்னவென்றால் இடத்தைக் குறிப்பது சற்றுக் கடினம். சத்தம் கேட்ட இடத்தில் கொயிலைச் சிறிதாக ஆட்டியபடி பின்னுக்கு இழுங்கள். சத்தம் நின்ற கணத்தில் பொருள் கொயில் நுனிக்கு நேர் முன்னே இருக்கும்.

மொனோ என்பது பி.ஐ., அதாவது பல்ஸ் கருவிகளுக்கு உரியது. ஒரே சுற்று அனுப்பவும் கேட்கவும் செய்யும். மற்றக் கருவிகளில் பூட்ட முடியாது.

பெரிய கொயில் என்றால் ஆழம் கூடுமே? 15 அங்குலம் வாங்கலாமா?

கடையில் சொல்லும் ஆழக் கணக்கு எல்லாம் காற்றில் பார்த்தது. மண்ணில் கதை வேறு.

6 அங்குலக் கொயிலோடு ஒப்பிட்டால் 11 அங்குலக் கொயிலின் பரப்பு 3 மடங்குக்கு மேல், 15 அங்குலத்தின் பரப்பு 6 மடங்குக்கு மேல். அவ்வளவு கூடுதல் மண்ணை அது கேட்கும். மோதிரமோ அதே மோதிரம். இன்னொரு பக்கம், கொயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில் தூரம் இரட்டிப்பானால் சிறு பொருளின் சிக்னல் ஏறத்தாழ 64 இல் ஒரு பங்காகச் சுருங்கும். மண் சத்தம் அந்த வேகத்தில் சுருங்காது. ஆகவே சுத்தமான மணலில் பெரிய கொயில் உண்மையிலேயே ஆழம் தரும். கடுமையான மண்ணில் கருவி மண்ணாலேயே நிறைந்து, சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டிவந்து, கடைசியில் சிறிய கொயிலைவிடக் குறைந்த ஆழத்தில் நிற்கும்.

காசைக் கொடுத்து வாங்கும் முன் இதையொரு நாள் பரீட்சித்துப் பார்க்கலாம். கருமணலில் உங்கள் கொயிலை நிலத்தோடு உரசாமல் 4, 5 செ.மீ. தூக்கி வீசுங்கள். கத்தல் அடங்கி, புதைத்து வைத்த மோதிரம் முன்னையைவிடத் தெளிவாகக் கேட்டால், கருவி மண்ணில் மூழ்கியிருந்தது என்று அர்த்தம். அந்த இடத்துக்குச் சிறிய கொயில்தான் தீர்வு.

15 அங்குலம் பயன்படும் இடமும் உண்டு: காய்ந்த வெள்ளை மணல், தேடுவது நங்கூரம், வால்வு மூடி மாதிரிப் பெரிய சாமான், பரப்பு பெரிது. அரை மணித்தியாலத்தில் தோள்மூட்டு விட்டுப்போகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

திருகோணமலையில் இடத்துக்கு இடம் என்ன போடுவது?

உப்புவெளி, நிலாவெளிக் காய்ந்த மணலில் 9 முதல் 11 அங்குல டி.டி. வசதி. ஆட்கள் குளிக்கும் இடத்தில் சோடா மூடியும் ஈயத்தாளும் நிறைந்திருக்கும், அங்கே 6 அங்குலத்துக்கு இறங்கினால் குப்பைக்கு நடுவில் கிடக்கும் மோதிரத்தைத் தனியாகப் பிரிக்கலாம். வலை இழுக்கும் கரைகளில் வலை ஈயம் கொட்டிக் கிடக்கும். ஈயம் தங்கத்தின் எண்ணிலேயே வரும். எந்தக் கொயிலாலும் அதைப் பிரிக்க முடியாது, தோண்டத்தான் வேண்டும்.

குச்சவெளிக்கு வடக்கே கருவரி தடித்த இடங்களில் 6 அங்குல டி.டி., சென்சிட்டிவிட்டி வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கனிய மணல் அகழும் பகுதிக்குள் காலே வைக்கவேண்டாம்.

கொட்டியாரக்குடாப் பக்கம் மகாவலி கொண்டுவரும் வண்டல், சேறு, உப்பு ஈரம் மூன்றும் கலந்திருக்கும். அங்கே கொயிலைவிட அதிர்வெண்தான் முக்கியம், கீழே பாருங்கள்.

உள்துறைமுகக் கரைகளும் சீனக்குடாவும் தனி ரகம். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதல், அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டு கடற்படை வேலைகள் என்று அந்த மண்ணில் துருப்பிடித்த இரும்பு செதில் செதிலாகக் கிடக்கிறது. துருச் செதில் கனிமமும் இல்லை, முழு உலோகமும் இல்லை. சின்னக் கொயில், மெதுவான வீச்சு தவிர வேறு வழியில்லை. அதோடு பெரும் பகுதி கடற்படை, துறைமுக அதிகாரசபைக் காணி. அனுமதி இல்லாமல் கருவியை வாகனத்திலிருந்து இறக்கவே கூடாது.

கந்தளாய், தம்பலகாமத்துச் செங்கபில மண்ணில் இரும்புக் கல் பரல்கள் உண்டு. பரல் இல்லாத வயல் மண்ணில் 11 அங்குலம் நன்றாகப் போகும், பரல் மேட்டில் போகாது.

காய்ந்த மணலில் சரி, ஈரத்துக்கு வந்ததும் ஏன் கத்துகிறது?

உப்பு நீர் மின்கடத்தி. ஒற்றை அதிர்வெண் கருவி ஒன்றில் மக்னடைட்டைக் கழிக்கலாம், அல்லது உப்பைக் கழிக்கலாம்; இரண்டையும் ஒன்றாகக் கழிக்க முடியாது. கருமணலுக்குப் பலன்ஸ் செய்தால் உப்பு கத்தும், உப்புக்குச் செய்தால் கருமணல் கத்தும்.

ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் கருவிகள் (மைன்லாப் ஈக்கினொக்ஸ், நொக்டா லெஜண்ட், எக்ஸ்.பி. டியஸ் 2 போன்றவை) இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிடும். ஈக்கினொக்ஸில் பீச் 1 என்ற நிலை ஈரக் கரைக்கு, பீச் 2 அலைக்குள் இறங்குவதற்கு. இரண்டாவதில் அனுப்பும் வலு குறைவு. கருமணல் மிஞ்சிப்போனால் கருவி தானே வலுவைக் குறைத்துத் திரையில் அறிவிக்கும். அந்த அறிவிப்பு வந்தால் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிப் பிரயோசனமில்லை.

ஒற்றை அதிர்வெண் கருவிதான் கையில் இருக்கிறதென்றால் ஈரக் கோட்டுக்கு இணையாக நடவுங்கள். காய்ந்த மணலிலிருந்து ஈரத்துக்கும் திரும்பவும் குறுக்கே வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் மண் மாறும், கருவிக்குத் தலை சுற்றும். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் பெரிதாக இல்லாததால் ஈரப் பட்டை ஒடுக்கமானது. அதை நீளவாக்கில் இரண்டு நடையில் முடித்துவிடலாம்.

தங்கச் சங்கிலி தொலைந்தது. மோதிரம் கேட்கிற கருவிக்கு ஏன் சங்கிலி கேட்கவில்லை?

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மெல்லிய சங்கிலியை மேசையில் (ஆணி இல்லாத மரமேசை) நீட்டி வைத்து மேலே கொயிலை வீசுங்கள். பிறகு அதையே உள்ளங்கையளவு சுருட்டி வைத்து வீசுங்கள். நீட்டி வைத்தபோது சத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஒவ்வொரு வளையமும் அடுத்ததோடு சரியாகத் தொடாமல் தனித்தனிச் சின்ன உலோகமாக இருப்பதுதான் காரணம். கருவி உண்மையில் பிடிப்பது கொளுக்கியையும் பதக்கத்தையும்தான்.

ஆகவே சங்கிலிக்கு 6 அங்குலம் அல்லது அதற்கும் சிறிய டி.டி., கருவி அனுமதித்தால் 15 முதல் 40 கிலோஹேர்ட்ஸ். உயர்ந்த அதிர்வெண் சிறிய, மெல்லிய தங்கத்தைக் கூர்மையாகக் கேட்கும். கருமணலையும் கூடக் கேட்கும் என்பதால் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தாலிக்கொடி தடித்தது, 22 கரட். மோதிரத்தைவிட எளிதாகவே கேட்கும், எண்ணும் மேலே வரும்.

மோதிரம் இருக்கும் இடத்தில் இரும்பு என்று காட்டுகிறதே?

கனிம மண் எண்ணைக் கீழே இழுக்கும். ஆழம் கூடக் கூட இழுப்பும் கூடும். கருமணலில் இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் பூச்சியமாக்கிவிட்டுச் சத்தத்தை மட்டும் நம்புங்கள். இரண்டு திசையிலிருந்தும், அதாவது 90 பாகை திரும்பி நின்று வீசினாலும், ஒரே மாதிரி உருண்டையாகக் கேட்டால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் கேட்டு மறு திசையில் உடைந்தால் பெரும்பாலும் ஆணி அல்லது மண்.

சில்லறைக்கு இது பொருந்தாது. 2005க்குப் பின் வந்த பித்தளை முலாம் பூசிய ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களுக்கு உள்ளே உருக்குத்தான், காந்தத்தில் ஒட்டும். அவை எந்த மண்ணிலும் இரும்பு என்று காட்டலாம்.

கத்துவது மண்ணா, கொயில் பழுதா, மின்கம்பியா?

கொயிலை நிலத்திலிருந்து இடுப்பளவு தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்படியும் கத்தினால் மின் இடையூறு: மேலே போகும் மின்கம்பி, டவர், சட்டைப் பையில் இருக்கும் போன். போனை விமானப் பயண நிலையில் போட்டு, கருவியில் அதிர்வெண் மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். பெரிய கொயில் இந்த இடையூறையும் கூடுதலாக வாங்கும்.

தூக்கிப் பிடித்தால் அமைதி, வீசினால் மட்டும் கத்துகிறது என்றால் மண். அமைதியாக இருக்கும் கொயிலின் விளிம்பில் விரல் மடக்கித் தட்டும்போது மட்டும் கத்தினால் பழுது கொயிலிலோ கேபிளிலோ. முதலில் கேபிளைப் பாருங்கள். தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும், கொயில் பக்கம் மட்டும் மடக்க வசதியாகச் சிறு தொய்வு போதும். தொங்கி ஆடும் கேபிள் ஒவ்வொரு வீச்சிலும் பொய்ச் சத்தம் தரும். இணைப்பியின் வளையத்தைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறட்டால் இறுக்கி மரை போன கருவிகள் ஏராளம்.

இவை எல்லாம் சரி, இன்னும் கத்துகிறதா? கொயிலின் அடிக் கவரைக் கழற்றுங்கள். அநேகமாக அங்கேதான் குற்றவாளி இருக்கும்: கவருக்கும் கொயிலுக்கும் நடுவில் ஒரு பிடி கருமணல். கொயிலோடு ஒட்டிக்கொண்டே வருவதால் கிரவுண்ட் பலன்ஸ் அதைக் கழிக்காது, அசையும்போதெல்லாம் இடம் மாறிக் கத்தும். கரையில் தேடிய ஒவ்வொரு நாளும் கவரைக் கழற்றி இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள்.

பழைய வீட்டு நிலத்தில் செங்கல்லுக்கும் ஓட்டுத் துண்டுக்கும் சத்தம் வருகிறது.

களிமண்ணைச் சூளையில் சுடும்போது அதிலுள்ள இரும்புச் சேர்மம் காந்தத் தன்மை கொண்டதாக மாறும். ஓட்டுத் துண்டு, செங்கல், பழைய அடுப்படி மண், எரிந்த குப்பை மேடு எல்லாம் இந்த வகை. சுற்றியுள்ள மண்ணுக்கும் இதற்கும் பலன்ஸ் வேறு என்பதால் கருவி உலோகம் என்று எண்ணும். கொயிலை மெதுவாக மேலே தூக்குங்கள்: ஓட்டுத் துண்டின் சத்தம் சில செ.மீ. இலேயே சட்டென்று மறையும், நல்ல உலோகம் மெல்ல மெல்ல மங்கும்.

பல்ஸ் கருவி வாங்கினால் கருமணல் பிரச்சினை தீருமா?

மக்னடைட் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பல்ஸ் கருவி ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோசெக்கன் கழித்துத்தான் கேட்கும். அதற்குள் மக்னடைட்டின் பதில் ஓய்ந்துவிடும். சுட்ட மண்ணும் சில செம்மண்ணும் அப்படி உடனே ஓய்வதில்லை, அவற்றில் பல்ஸ் கருவிக்கும் கிரவுண்ட் பலன்ஸ் வேண்டும். ஈர உப்பு மணலில் கேட்கும் தாமதத்தை 10 இலிருந்து 15 மைக்ரோசெக்கன் அளவுக்குக் கூட்டினால் அமைதியாகும், அதே நேரம் மெல்லிய தோடும் சங்கிலியும் கை நழுவும்.

பெரிய இடைஞ்சல் வேறு. பல்ஸ் கருவி இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. கொண்டை ஊசி, படகு ஆணி, தூண்டில் எல்லாவற்றுக்கும் தோண்டவேண்டும். சுற்றுலாப் பயணிகள் குவியும் கரையில் அது முதுகுக்குக் கேடு. கருமணல் தடித்த, ஆட்கள் குறைந்த கரைக்குத்தான் நாங்கள் சிபாரிசு செய்வோம்.

வேறு கம்பனிக் கொயிலைப் பூட்டலாமா?

இணைப்பி பொருந்துவதால் கொயில் பொருந்தியதாக ஆகாது. கருவி எதிர்பார்க்கும் சுற்று, அதிர்வெண், சமநிலை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஒரே கம்பனிக்குள்ளும் மாறும்: கரெட் ஏஸ் கொயில் ஏ.டி. புரோவுக்குப் போகாது. நெல், கொயில்டெக், டீடெக் போன்ற வேறு தயாரிப்பாளர்கள் உங்கள் கருவியின் பெயரைக் குறிப்பிட்டு விற்கும் கொயிலை மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய கொயிலை எப்படிச் சோதிப்பது?

தேடும் இடத்திலேயே சோதியுங்கள். வீட்டு முற்றத்துச் சோதனை கரைக்கு உதவாது. ஒரு மோதிரத்தைத் தங்கூசி நைலோன் நூலில் கட்டுங்கள் (சோதனைக்குத் தங்கம் வேண்டாம், அதே அளவு பித்தளையோ ஈயமோ போதும்). கையால் குழி பறித்து 5 செ.மீ. இல் வைத்து மூடி மிதியுங்கள். தங்கூசி நுனி வெளியே இருக்கட்டும். கேட்டால் 10, 15, 20 என்று இறக்குங்கள். ஒவ்வோர் ஆழத்திலும் பத்து வீச்சு வீசி, எத்தனை தரம் தெளிவாகக் கேட்டது என்று எழுதுங்கள். பத்தில் எட்டுக்குக் கீழே போகும் ஆழமே அந்தக் கொயிலின் எல்லை. அதே குழிகளில் சென்சிட்டிவிட்டியை இரண்டு இரண்டாகக் குறைத்துத் திரும்பப் பாருங்கள். கருமணலில் குறைத்தபின் ஆழம் கூடுவதைக் கண்டு பலர் நம்பமாட்டார்கள், ஆனால் நடக்கும். புதிதாகக் கிளறிய மண் இயல்பான மண்ணைவிடச் சற்று வேறாகக் கேட்கும் என்பதால் கிடைத்த எல்லையை இறுதியாக எடுக்காமல், இரண்டு கொயில்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். குழி பறிக்கும் கையில் வளையலோ மோதிரமோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எந்த மாதத்தில் தேடுவது நல்லது?

வாடைக் காலத்தில் அலை கரையை வெட்டி, இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். கனமான கருமணலும் ஈயமும் தங்கமும் பின்தங்கி வரிகளாக நிற்கும். பொருள் மேலே வரும், ஆனால் கனிமமும் கூடவே மேலே வரும். இது 6 அங்குலக் காலம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெள்ளை மணல் திரும்ப ஏறி மூடும். மண் அமைதி, பொருள் ஆழம். 11 அங்குலத்தை அப்போது எடுங்கள். நேற்றுத் தொலைந்த மோதிரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை, அடுத்த அலைக்கு முன் ஓடிப்போய்த் தேடவேண்டும்.

ஒரே ஒரு கூடுதல் கொயில்தான் வாங்கமுடியும். எது?

கருவியோடு வந்தது 11 அங்குல டி.டி. என்றால் 6 அங்குல டி.டி. வாங்குங்கள். கருவியோடு கொன்சென்ட்ரிக் வந்திருந்தால் முதலில் 8 அல்லது 9 அங்குல டி.டி. அதன் பிறகும் காசு மிஞ்சினால் நல்ல துருப்பிடிக்காத சல்லடைக் கரண்டிக்குச் செலவிடுங்கள்.

அனுமதி, சட்டம்?

தொல்பொருள் தேடி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். பிரட்றிக் கோட்டை, கோணேசர் கோயில் சூழல், திரியாய், சேருவில போன்ற இடங்களுக்குக் கருவியையே கொண்டுபோகவேண்டாம். கருவியும் அலவாங்கும் மண்வெட்டியும் ஒரே வாகனத்தில் இருந்தால் பொலிஸ் புதையல் என்றுதான் நினைக்கும். பிறர் நகையைத் தேடப் போகிறீர்களானால் சொந்தக்காரரையும் கூட்டிச் செல்லுங்கள், அல்லது அவரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். கருவியோ கொயிலோ வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன் சுங்கத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். பார்சல் வந்த பின் கேட்பது வீண்.

போர் நடந்த மாவட்டம் இது. கைவிடப்பட்ட காவலரண், பழைய முகாம், பற்றை வளர்ந்த ஆளில்லாக் காணி ஆகியவற்றில் சத்தம் கேட்டால் தோண்டவேண்டாம். இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் வெடிபொருள் தேடுவதற்கு உரியதல்ல. அதற்குத் தனிக் கருவி, தனிப் பயிற்சி. குழியில் உருளையாகவோ பச்சை பிளாஸ்டிக் வட்டமாகவோ ஏதாவது தெரிந்தால் தொடாமல், கொயிலையும் அதற்கு மேல் அசைக்காமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்து, தூரத்திலிருந்து தெரியும் ஓர் அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள்.